சிவப்பு வண்டிக்கு முன்னே வந்த சத்தம்

பல் டாக்டரின் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் சத்தம், கார் வந்து சேர்வதற்கு ஒரு வாளித் துணியை அலசிக் கொடியில் போட்டு முடிக்கிற நேரம் முன்னதாகவே தெருவுக்கு வந்துவிடும். முதலில் மலைப்பாதையில் உறுமல் கேட்கும். பிறகு பாலத்தின் மேல் தடதடப்பு, மருந்துக்கடை முக்கில் கியர் மாறும்போது ஒரு இருமல், கடைசியாக வீட்டு வாசலில் இன்ஜின் அணைகிற பெருமூச்சு. எட்டிப் பார்த்தால் வாசல் காலியாகக் கிடக்கும். அவரவர் தத்தம் வேலைக்குத் திரும்பி அதை மறந்தும்போன பிறகு, கார் ஒரு பொட்டுச் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்து நிற்கும். டாக்டர் இறங்கிக் கதவை அறைந்து சாத்துவார். அதுவும் கேட்காது, அது ஏற்கெனவே கேட்டாகிவிட்டது.

இதற்கு யாரும் காரணம் கண்டுபிடிக்கவில்லை, தேடவும் இல்லை. அந்தக் காரை முதலில் வைத்திருந்தவர் கல்யாண வீடுகளில் எக்காளம் ஊதுகிறவர் என்றும், எந்த வீட்டுக்கும் நேரத்துக்குப் போய்ச் சேராதவர் என்றும், அவருக்காக முன்கூட்டியே குரல் கொடுத்துக் கொடுத்தே கார் இப்படி முந்திரிக்கொட்டை ஆகிவிட்டது என்றும் மெக்கானிக் சொன்னார். எதிர்வீட்டுத் தையல்காரருக்கு அவ்வளவு யோசனைகூடத் தேவைப்படவில்லை. “யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. இதுல என்ன அதிசயம்?” என்று ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டார். டாக்டரின் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒரு பாதியில் அவருடைய பல் ஆஸ்பத்திரி இருந்தது. பல் பிடுங்க வந்து பெஞ்சில் காத்திருப்பவர்களில் பயந்தவர்கள் எழுந்து ஓடிப்போக அந்த இடைவெளி சரியாகப் போதுமானதாக இருந்தது என்பதால் தெருவில் பலருக்கு அந்தக் காரின் மேல் மரியாதையே உண்டு.

கீழ்த்தளத்தின் மறுபாதியில் டாக்டரின் மனைவி டிரைவிங் ஸ்கூல் நடத்திவந்தாள். ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிற கைகளில் பாதி அவள் அடித்துத் திருத்திய கைகள். கார் சத்தத்தோடு உள்ளே பேசுகிற பேச்சும் முன்கூட்டியே வரும் என்பதை முதலில் கண்டுபிடித்தவளும் அவள்தான். கல்யாணமான புதிதில் ஒரு நாள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளின் காதில் அவளுடைய குரலே தெருவிலிருந்து வந்து விழுந்தது: “உங்க அக்கா வீட்டுக்கு நான் எதுக்குங்க வரணும்?” அதற்கு டாக்டரின் குரல், “வராட்டி போ. அவங்களுக்கும் நிம்மதிதான்” என்றது. தையல்காரர் மனைவி கீழேயிருந்து அண்ணாந்து, “என்னம்மா, நாத்தனாரோட என்ன தகராறு?” என்று கேட்டாள். “இன்னும் ஒண்ணும் இல்லக்கா. வண்டியில ஏறினப்புறம்தான்” என்றாள் இவள். வாயைத் திறப்பதில்லை என்று சபதம் செய்துகொண்டுதான் அன்றைக்குக் காரில் ஏறினாள். தெரு தாண்டுவதற்குள் டாக்டர் ஏதோ சொல்ல, அந்த வார்த்தைகள் அதே வரிசையில், அதே எரிச்சலோடு, விழுங்க விழுங்க அவள் வாயிலிருந்து வெளியே வந்தன. வந்த சத்தத்தைத் திருப்பி அனுப்ப முடியாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள்.

டாக்டருக்கு விஷ ஜுரம் கண்ட வருஷம் அது இன்னும் தெளிவாயிற்று. அவர் கட்டிலில் குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கும்போது கார் புறப்பட்டு மலை ஏறுகிற சத்தம் கேட்டது. கேட்டால் கேட்கட்டும், போகிறவர் யார் என்று பார்க்கிறேன் என்று அவள் ஷெட்டைப் பூட்டி, பாட்டரியையும் கழற்றித் தன் மேஜைக்கடியில் வைத்துக்கொண்டாள். நேரம் வந்ததும் ஷெட் கதவு தானாக விலகியது. ஆளில்லாத கார் தெருவில் இறங்கி, மருந்துக்கடை முக்கில் ஒழுங்காகத் திரும்பி, மலைமேல் இருக்கும் நீர்த்தேக்கம் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, தன் இடத்தில் நின்று இரண்டு சொட்டு ஆயில் விட்டது. அதற்குப் பிறகு அந்தக் காரோடு யாரும் விதண்டாவாதம் செய்ததில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அவளுடைய தம்பி புது வண்டி வாங்கினான். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பொருத்துகிற வேலை அவனுக்கு. சத்தம் போடுகிற எந்த இயந்திரமும் கோளாறான இயந்திரம் என்பது அவன் கட்சி. அம்மா போன பிறகு இடுப்பில் தூக்கி அவனை வளர்த்தவள் அக்காதான். அவன் தலை நரைத்த பிறகும் சாலையைக் கடக்கும்போது அவள் கை தன்னையறியாமல் அவன் மணிக்கட்டைத் தேடும். அவன் வாங்கி வந்த புது ஸ்போர்ட்ஸ் கார் வெள்ளை வெளேரென்று, டாக்டர் ஜன்னலில் காட்சிக்கு வைத்திருக்கும் பல்செட் போல மின்னியது. பெட்ரோல் வேண்டாம். சாவி கிடையாது. முன்னாலும் சத்தமில்லை, பின்னாலும் சத்தமில்லை. போகப்போவதையும் சொல்லாது, போய்க்கொண்டிருப்பதையும் சொல்லாது. ஆனால் உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் மட்டும் மிகப் பதவிசாக இடது வலது சொல்லிக்கொண்டிருக்கும்.

அன்று முதல் அந்த வீட்டில் சாப்பாட்டு மேஜை சாப்பாட்டு மேஜையாக இல்லை. “வண்டின்னா அது நம்மகிட்டப் பேசணும் மாப்ளே. உன்னுது ஃப்ரிட்ஜுக்குச் சக்கரம் வெச்ச மாதிரி இருக்கு” என்பார் டாக்டர். “பேசுது மாமா, உங்களுது நல்லாவே பேசுது. வண்டியோட வர்றதுதான் இல்ல” என்பான் தம்பி. புதுசில் ஏர்பேக் ஆறு இருக்கிறது, பழசில் பெல்ட்கூட இல்லை. பழசின் பானெட்டைத் திறந்தால் ஒவ்வொன்றும் என்னவென்று தெரியும், புதுசில் திறப்பதற்கே ஒன்றும் இல்லை. இரண்டு வருஷம் இந்தப் பட்டிமன்றம் நடந்தது. அவள் இரண்டு பேருக்கும் நடுவில் பரிமாறிக்கொண்டே, இந்த வீட்டில் பல் வைத்தியம் பார்க்கிறவர் தன் நாக்குக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று முணுமுணுப்பாள். கடைசியில், பேசித் தீராததை ஓட்டித் தீர்ப்பது என்று முடிவாயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவரவர் வண்டியில் நீர்த்தேக்கம் வரை ஏறுவது, மேலே வண்டியை மாற்றிக்கொண்டு கீழே இறங்குவது. வாசலில் வந்து இறங்கும்போது ஒவ்வொருவரும் மற்றவர் வண்டியைப் பற்றி உண்மையைச் சொல்லவேண்டும். பொய் சொல்பவர் அதற்குப் பிறகு அந்த மேஜையில் கார் என்ற வார்த்தையையே எடுக்கக் கூடாது.

ஏறுவது பற்றி அவளுக்குக் கவலையில்லை, இறங்குவதுதான் கவலை. பழைய காரின் பிரேக்குகள் டப்பாவுக்குள் அடைத்துவைத்த பிரேக்குகள். நீண்ட இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிச் சோர்ந்து, கடைசியில் மிதிக்கிற கால்தான் மிச்சம். அதனால் கியரைக் குறைத்து, இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி இறக்கவேண்டும். டாக்டருக்கு அது நடை போலப் பழகிப்போன விஷயம். ஞாயிறு காலை தம்பி ஷூ லேஸ் கட்டும்போது அவள் பக்கத்திலேயே நின்றாள்.

“வரும்போது கியர்ல எறக்குடா. பிரேக்கை நம்பாத.”

“பிரேக்கை நம்பாம வேற எதை நம்புறதுக்கா? உன்னையா?”

“நான் சொல்றதைக் கேளு. வண்டி கத்தும். கத்தினா பயந்து மேல் கியருக்குப் போகாத. கத்தட்டும்னு விடு.”

“சரி சரி. லைசென்ஸ் நீதான வாங்கிக் குடுத்த, பேசாம இரு” என்று சிரித்தான். அவன் கற்றுக்கொண்டது அவளிடம்தான் என்றாலும், பத்து வருஷமாகத் தானே வேகம் பார்த்து, தானே கியர் பார்த்து, தானே பிரேக் போட்டுக்கொள்கிற வண்டிகளையே ஓட்டி அவன் கால் எல்லாவற்றையும் மறந்துவிட்டிருந்தது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் அது உறைத்தது.

புறப்படுகிற சத்தம் அவர்கள் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டிருந்தது. அப்புறம் கார்கள் இரண்டும், ஒன்று பேசி முடித்ததாலும் மற்றது பேசவே தெரியாததாலும், இரண்டு நிழல்கள் போல ஓசையில்லாமல் தெருமுனை திரும்பின. அவள் ஸ்கூல் ஷட்டரைப் பாதி ஏற்றி வைத்துக்கொண்டு, சுவரிலிருந்த சாலைக்குறிப் படங்களை ஈரத்துணியால் துடைக்க ஆரம்பித்தாள். காது மட்டும் வெளியே இருந்தது. இறங்குகிற சத்தம் நல்லபடியாக வந்து வாசலில் பெருமூச்சு விட்டுவிட்டால், அதற்குப் பிறகு யார் என்ன ஓட்டினாலும் கவலையில்லை.

சத்தம் வந்தது. மலையுச்சியிலிருந்து சின்னதாகத் தொடங்கியது. அவள் துணியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். ஒரு வளைவு, இரண்டு வளைவு. இன்ஜின் கத்தவில்லை. கத்தவேண்டிய இடங்களிலெல்லாம் தாலாட்டுப் போல மெல்ல முனகிக்கொண்டு வந்தது; கியரைக் குறைக்கவில்லை என்று அர்த்தம். கத்தியது பிரேக்தான். முதல் வளைவில் அது நன்றாகக் கிறீச்சிட்டது, அடுத்ததில் கொஞ்சம் குறைவாக, அதற்கடுத்ததில் தொண்டை கட்டியது போல. பாலத்துக்கு முந்தின வளைவில் கிறீச்சே இல்லை. நீண்ட ஹாரன் சத்தம் மட்டும் வந்தது. பிறகு தம்பியின் குரல், ஏழு வயதில் கிணற்று மேடையில் வழுக்கியபோது கூப்பிட்ட அதே குரல், “அக்கா!” என்றது. டமாரென்று ஒரு மோதல். கண்ணாடி கொட்டுகிற ஓசை. அப்புறம் ஒன்றுமில்லை. பாலத்தின் தடதடப்பு வரவில்லை, மருந்துக்கடை முக்கில் இருமல் வரவில்லை, வாசலில் பெருமூச்சும் வரவில்லை.

தெரு முழுக்கக் கேட்டது. தையல்காரரின் மெஷின் நின்றது. சலூனில் பாதி முகம் சவரம் செய்த ஒருவர் சோப்பு நுரையோடு வெளியே வந்தார். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை; அவள் இருந்த பக்கமே பார்க்கவில்லை. பாலத்துக்கு முந்தின வளைவில் கைப்பிடிச் சுவர் என்ன நிலையில் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். போன மழையில் ஒரு லாரி அதை இடித்துக் கீழே தள்ளியிருந்தது. சுண்ணாம்பு பூசிய நான்கு தகர டின்கள்தான் இப்போது அங்கே சுவர். டின்களுக்கு அப்பால் வாய்க்கால். வாய்க்காலில் தண்ணீர் இல்லை, பாறைதான். 

அவள் போனை எடுத்தாள். டாக்டர் போன் ஆஸ்பத்திரி மேஜையில் மணியடித்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் அதை எடுத்துப்போவதில்லை. தம்பியின் போன் எங்கேயோ அடித்து அடித்து ஓய்ந்தது. அது புது வண்டியில் செருகியிருந்தது, புது வண்டியை டாக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார், திரையில் எதைத் தொட்டால் பேசலாம் என்று தெரியாமல் வைப்பரைப் போட்டுவிட்டார் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அவள் செருப்பை உதறிவிட்டு ஓடினாள். முழங்கால் வலி உள்ளவள், மூச்சிரைப்பு உள்ளவள், மருந்துக்கடைக்காரர் எழுதிவைத்துக் கொடுக்கிற மாத்திரையில் நடமாடுகிறவள், அந்த மருந்துக்கடையைத் தாண்டி ஓடினாள். பின்னால் தெருவே ஓடியது. மெத்தைக்கடைக்காரர் இரண்டு ஆட்களோடு மெத்தைகளைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடினார். யாரோ கயிறு கட்டலாம் என்றார்கள், யாரோ மணல் கொட்டலாம் என்றார்கள், மணல் எங்கே என்று கேட்டதும் அவர்களே வாயை மூடிக்கொண்டார்கள்.

“மெத்தையை அடுக்கிரலாம்மா. டின்னுக்கு முன்னாடி நல்லா அடுக்கிரலாம்” என்றார் மெத்தைக்கடைக்காரர்.

“மெத்தையில கண்ணாடி உடையுமாண்ணே? கண்ணாடி உடைஞ்ச சத்தம் கேட்டோமே.” அவள் வளைவில் நின்று மேலேயும் கீழேயும் பார்த்தாள். “டமார்னு மோதுற சத்தம் கேட்டோமே. அது வந்தே தீரும். நின்னுக்கிட்டிருக்கிற எதுல போய் மோதினாலும் அவன் பொழைக்க மாட்டான். அந்த வண்டியில பெல்ட் இல்ல. ஸ்டியரிங் தண்டு நெஞ்சுக்கு நேரா ஈட்டி மாதிரி நிக்கும்.”

அவள் சத்தத்தை மறுபடியும் மனதுக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். அது என்ன சொன்னது? ஹாரன் அடித்தது என்றது, அக்கா என்று கூப்பிட்டான் என்றது, மோதியது, உடைந்தது, நின்றது என்றது. எதில் மோதியது என்று சொல்லவில்லை. யாருடைய கண்ணாடி என்று சொல்லவில்லை. கீழே விழுந்து உருண்டதாகவும் சொல்லவில்லை. முப்பது வருஷம் கற்றுக்குட்டிகளோடு சாலையில் இருந்தவளுக்கு ஒன்று தெரியும். பெரிய சத்தத்துக்குப் பெரிய அடி வேண்டும் என்று சட்டமில்லை. ஓடுகிற வண்டியின் முதுகில் ஓடுகிற வண்டி இடித்தால் ஊரே கூடுகிற மாதிரி சத்தம் வரும், உள்ளே இருப்பவனுக்குக் கழுத்து வலியோடு போகும்.

அப்போதுதான் மேல் வளைவில் புது வண்டி, ஒரு வெள்ளைக் கொக்கு இறங்குவது போல, சத்தமேயில்லாமல் இறங்கி வந்தது. அது பழசைவிட வேகமானது என்பதில் எந்தக் காலத்திலும் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. வெயிலில் வைப்பர் இரண்டும் மும்முரமாக ஆடிக்கொண்டிருந்தன. டாக்டர் அவளைப் பார்த்ததும் நிறுத்தினார். கண்ணாடி இறங்கியது. அவர் முகத்தில் ஒரு தோல்வியும் ஒரு பரவசமும் கலந்திருந்தன.

“ஏய், உண்மையைச் சொல்லணும்னா...”

“எறங்குங்க.”

“வளைவுல அதுவே...”

“எறங்குங்கன்னா! அவன் பிரேக்லயே வர்றான். சத்தம் வந்துருச்சு. இங்கதான்.”

டாக்டர் வளைவைப் பார்த்தார், டின்களைப் பார்த்தார், மெத்தைகளோடு நிற்கிற தெருவைப் பார்த்தார். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு இறங்கினார். “நான் ஓட்டறேன். நீ...” என்று ஆரம்பித்தார்.

“நீங்க இதுல ஒரு தடவை வந்திருக்கீங்க. நான் ஒரு தடவைகூட ஒக்காந்ததில்ல. ஆனா அவன் என்னைத்தான் கூப்பிட்டான்” என்று சொல்லிக்கொண்டே அவள் ஏறி உட்கார்ந்தாள்.

அவள் செய்ய நினைத்தது இதுதான். மேலே ஏறிப் போய், அவன் வருகிற வழியில் வண்டியின் முகத்தைக் கீழே திருப்பிக்கொண்டு காத்திருப்பது. அவன் நெருங்கும்போது தானும் அதே வேகத்தில் முன்னால் ஓடி அவன் மூக்கைத் தன் முதுகில் வாங்கிக்கொள்வது. பிறகு புது வண்டியின் பிரேக்கால் இரண்டு வண்டிகளையும் சேர்த்துப் பிடிப்பது. சொன்னால் எளிது. அந்தப் புது வண்டிக்குத்தான் அது பிடிக்கவில்லை. அவள் குறுகலான இடத்தில் மளமளவென்று திருப்பியபோது அது தானாகவே நின்று, அந்தப் பதவிசான பெண் குரலில், “முன்னால் தடை உள்ளது” என்றது. “தெரியும்டி, நகரு” என்றாள் அவள். மேல் வளைவுக்கு அந்தப்பக்கம் போய்த் திரும்பவும் திருப்பி, சாலையின் நட்டநடுவில் நிறுத்தியதும், “நீங்கள் தடத்தை விட்டு விலகியிருக்கிறீர்கள்” என்றது. அவள் பின்னால் பார்க்கிற கண்ணாடியை நேராக்கினாள். குரல் கொஞ்சம் யோசித்துவிட்டு, திரையில் ஆவி பறக்கிற ஒரு கோப்பையின் படத்தைக் காட்டி, “சற்று ஓய்வெடுக்க விரும்புகிறீர்களா?” என்று கேட்டது. ஸ்டியரிங்கில் இருந்த கை வியர்த்து வழுக்கியது. முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “விரும்புறேன். என் தம்பி வரட்டும்.”

கண்ணாடியில் பின்னாலிருந்த சாலை காலியாக இருந்தது. கேட்பதற்கு ஒன்றுமில்லை என்பதுதான் அந்த நேரத்தில் மிகக் கொடுமையாக இருந்தது என்று அவள் பிறகு சொன்னாள். எந்த வண்டி வந்தாலும் காதுதான் முதலில் பார்க்கும். இந்த வண்டியைக் காது முன்பே பார்த்து முடித்துவிட்டது. கண் ஒன்றுதான் மிச்சம். கண்ணை இமைக்கப் பயமாக இருந்தது. காக்கை ஒன்று சாலையோரம் கத்தியது. கீழே தெருக்காரர்கள் யாரோ யாரையோ ஓரம் போகச் சொல்லிக் கத்தினார்கள். அதற்கு நடுவே, எந்த ஓசையும் இல்லாத ஒரு சிவப்பு, கண்ணாடியின் மூலையில் எட்டிப் பார்த்தது.

அவள் மிதித்தாள். புது வண்டி தூக்கிப் போட்டது போலப் பாய்ந்தது; அதிகம். காலைத் தளர்த்தினாள். பின்னால் சிவப்பு வளர்ந்தது. தம்பியின் முகம் தெரிந்தது. அவன் ஒரு காலால் பிரேக்கைக் குத்திக் குத்தி மிதிப்பதில் தோள் ஏறி இறங்குவது தெரிந்தது. ஒரு கை ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தது, ஒலி இல்லை. அவனுக்கு முன்னால் போகிற வண்டி தன்னுடையதுதான் என்றும், அதை ஓட்டுகிறவர் மாமா இல்லை என்றும் அவனுக்குப் புரிகிற கணத்தையும் அவள் கண்ணாடியில் பார்த்தாள். அவன் வாய் திறந்தது. அ என்ற வடிவிலும் பிறகு கா என்ற வடிவிலும் அந்த வாய் திறந்ததை, காலையிலேயே கேட்டுவிட்ட குரலோடு அவள் மனதுக்குள் பொருத்திக்கொண்டாள்.

பிறகு முதுகில் இடி விழுந்தது. விழுந்ததை உடம்புதான் சொன்னது, காது சொல்லவில்லை. பின்கண்ணாடி முழுவதும் வெள்ளையாக விரிசல் விட்டு, அவள் தோளிலும் மடியிலும் மல்லிகை உதிர்வது போலச் சத்தமில்லாமல் கொட்டியது. பழைய வண்டி தொட்டு உடைத்ததால் அந்த ஓசையும் முன்னமே வந்துபோய்விட்டிருந்தது. அவள் பிரேக்கை உடனே மிதிக்கவில்லை. மிதிக்கத் துடித்த காலை, கற்றுக்குட்டிகளிடம் சொல்கிற அதே வார்த்தையைச் சொல்லி அடக்கினாள்: மெதுவா, மெதுவா, முட்டையை மிதிக்கிற மாதிரி. இரண்டு வண்டிகளும் ஒட்டிக்கொண்டே வளைவுக்குள் நுழைந்தன. முதல் டின் பறந்தது. இரண்டாவது டின் பறந்தது. மெத்தைக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். சக்கரங்கள் தேய்ந்து, புகை எழும்பி, மூன்றாவது டின்னைச் சாய்த்துக்கொண்டு, பழைய காரின் முன்சக்கரம் ஒன்று பாதி வெளியே தொங்க, எல்லாம் நின்றது.

சத்தத்தில் இதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அவளுக்கு அது தெரியும். இதுவரை வந்தது எல்லாம் ஏற்கெனவே நடந்தது போல; இனிமேல் வருவதை யாரும் முன்கூட்டிக் கேட்டிருக்கவில்லை. “அவசர உதவியை அழைக்கட்டுமா?” என்று கேட்டது பெண் குரல். அவள் கண்ணாடித் தூளை உதறிக்கொண்டு இறங்கிப் பின்னால் போனாள். தம்பி ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கிடந்தான். உதடு கிழிந்து சட்டை முழுக்க ரத்தம். அவள் கதவைப் பிடித்து இழுத்தபோது தலையைத் தூக்கினான். வாய் அசைந்தது. குரல் வரவில்லை. மறுபடியும் அசைந்தது. வரவில்லை. இரண்டு அக்குளிலும் கை கொடுத்து, ஏழு வயதுப் பையனைக் கிணற்று மேடையிலிருந்து இழுத்த மாதிரி அவனை வெளியே இழுத்துச் சாலையில் நிறுத்தினாள். அவன் பாதம் தரையைத் தொட்டதும் குரல் வந்துவிட்டது.

“அக்கா, அவ்வளவு ஹாரன் அடிச்சேனே, காதுல விழல?”

“விழுந்துச்சுடா. அப்பவே விழுந்துச்சு” என்று சொல்லிவிட்டு அவனை ஒரு அறை அறைந்தாள். பிறகு அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மெத்தையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். மெத்தைக்கடைக்காரர், தூக்கி வந்ததற்கு அதாவது பயன்பட்டதே என்று அழுதார்.

டாக்டர் ஓடிவந்தார். எந்த வண்டியை முதலில் பார்ப்பார் என்று தெருவில் சிலர் கவனித்தார்கள். அவர் இரண்டையும் பார்க்கவில்லை. மச்சினனின் தாடையைப் பிடித்துத் திருப்பி, வெயிலுக்கு நேராக வாயைத் திறக்கச் சொல்லி, மேல் வரிசையில் ஒன்று போய்விட்டது என்றார். அந்தப் பல் பழைய காரின் ஸ்டியரிங்கில் பதிந்து நின்றிருந்தது. அதே ஆஸ்பத்திரியில், அதே நாற்காலியில், டாக்டர் அவனுக்குப் புதுப் பல் ஒன்று பொருத்தினார். இரண்டு வாரம் கழித்துச் சாப்பாட்டு மேஜையில் தம்பி அதை நாக்கால் தடவிக்கொண்டே, “புதுசு கூசவே இல்ல மாமா” என்றான். “கூசுறது இருந்தாத்தான் மாப்ளே அது பல்லு” என்றார் டாக்டர். அவள் கரண்டியை மேஜையில் வைத்த வைப்பில் இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள். வண்டிகளைப் பற்றி அன்றைக்குச் சொல்லவேண்டிய உண்மையை இருவரும் சொல்லவே இல்லை.

புது வண்டிக்குப் பின்பக்கம் மாற்றி ஒரே மாதத்தில் கொடுத்துவிட்டார்கள். பழைய வண்டி மெக்கானிக்கின் ஷெட்டில் பானெட் இல்லாமல், முன்கண்ணாடி இல்லாமல், இன்ஜினைத் தனியே பெஞ்சில் கழற்றி வைத்தபடி கிடந்தது. அது அங்கேயே கிடக்கட்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். தம்பியோடு அந்தக் காரில் ஏறும் நாள் வந்தால் தன் பெயரை மாற்றிக் கூப்பிடுங்கள் என்றும் சொல்லியிருந்தாள். மெக்கானிக்கும் அவசரப்படவில்லை. டிங்கரிங் வேலையை இன்றைக்குக் கொஞ்சம் தட்டுவார், அடுத்த மாதம் கொஞ்சம் தட்டுவார். டாக்டர் சில மாலைகளில் நடந்து போய் அதன் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டு நடந்து திரும்புவார். தெருவில் பல் பிடுங்கப் பயந்தவர்கள் எச்சரிக்கை இல்லாமல் மாட்டிக்கொண்டார்கள். மழை வந்தது, பாலத்து வளைவில் நிஜமான சுவர் கட்டினார்கள், தையல்காரர் பேத்தி அதே ஸ்கூலில் லைசென்ஸ் வாங்கினாள், இரண்டு வருஷம் ஓடிப்போனது.

ஒரு சாயங்காலம் அவள் கற்றுக்குட்டி ஒருவருக்குக் கிளட்சைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்கும்போது மெக்கானிக் ஷெட் பக்கமிருந்து உறுமல் கேட்டது. தெரு முழுக்கத் தலையைத் தூக்கியது. மருந்துக்கடை முக்கில் இருமல், பாலத்தின் மேல் தடதடப்பு, பிறகு மலை ஏறுகிற ஓசை. நடுவில் அவளுடைய குரல், “கியர்! கியர்!” என்றது. தம்பியின் குரல், “போட்டுட்டேன்க்கா, கொஞ்சம் மூச்சு விடு” என்றது.

ஷெட்டில் மெக்கானிக் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கொட்டிவிட்டு, ஆறு மாதமாகத் தொடாத ஸ்பேனர்களை வாரிக்கொண்டு எழுந்தார். இன்ஜின் இன்னும் பெஞ்சில் இருந்தது, சத்தம் வந்துவிட்டது, நேரம் அவ்வளவுதான். தையல்காரர் வாசலில் நின்று, “இனிமே உங்களை என்ன பேரு சொல்லிக் கூப்பிடணும்மா?” என்று கேட்டார். அவள் கற்றுக்குட்டியை நாளைக்கு வரச்சொல்லி அனுப்பிவிட்டு, ஷட்டரை இறக்கிப் பூட்டினாள். தம்பிக்குப் போன் போட்டு, எங்கே இருந்தாலும் உடனே மெக்கானிக் ஷெட்டுக்கு வா, ஷூ போட்டுக்கொண்டு வா என்றாள். பிறகு கொண்டையை அவிழ்த்து, காற்றில் கலையாதபடி இறுக்கி முடிந்துகொண்டு நடந்தாள்.